கம்ப்யூட்டர் கையிலா, இடுப்பிலா?

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு (இப்போது ஸ்வராஜ் த்வீப்) ஸ்கூபா கற்கப் போய், மூன்று நான்கு நாளில் சான்றிதழ் அட்டையோடு சென்னை திரும்புகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மாஸ்க்கையும் துடுப்பையும் வாங்கியதும் அவர்கள் மனசு அடுத்துப் போய் நிற்பது டைவ் கம்ப்யூட்டரில். அங்கே ஒரு குழப்பம். மணிக்கட்டில் கட்டிக்கொள்வதை வாங்குவதா, ஓஸில் தொங்கும் கன்சோலை வாங்குவதா?

ஆழமும் நேரமும் பார்த்து, உடம்பில் ஏறும் நைட்ரஜனைக் கணக்குப் போட்டு, ‘இன்னும் இத்தனை நிமிடம் இருக்கலாம்’ என்று சொல்வதுதான் இரண்டுக்கும் வேலை. நைட்ரஜன் ஏன் ஏறுகிறது, குமிழியானால் என்ன ஆகும் என்பதெல்லாம் பயிற்சி வகுப்பின் முதல் நாள் பாடம், அதற்குள் போகவேண்டாம். கன்சோலில், சிலிண்டரிலிருந்து வரும் உயர் அழுத்த ஓஸின் நுனியில் ரப்பர் உறைக்குள் காற்று மீட்டரும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே இருக்கும். பின்பக்கம் திசைகாட்டி வைத்ததும் உண்டு. கையில் கட்டுவது தனிக் கட்சி. காற்று மீட்டர் வழக்கம்போல ஓஸிலேயே இருக்கும்.

என் ஓட்டு கைக்குத்தான். அதற்கான காரணம் இறங்கும்போது தெரியாது, ஏறும்போது தெரியும்.

மேலே ஏறும் நேரத்தில் ஒரு டைவரின் இரண்டு கைகளும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். இடது கை ஜாக்கெட்டின் இன்ஃப்ளேட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஏற ஏற ஜாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று விரியும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றாவிட்டால் மனிதர் பந்து போல மேலே பாய்ந்துவிடுவார். வலது கை கயிறு இருந்தால் கயிற்றில், இல்லாவிட்டால் தலைக்கு மேலே படகு கிடகு வருகிறதா என்று தடுப்பாக. இப்போது ஏறும் வேகத்தைப் பார்க்கவேண்டும். முன்பு நிமிடத்துக்கு 18 மீட்டர் வரை போகலாம் என்றார்கள். இன்று பரவலாகச் சொல்லப்படுவது 9 மீட்டர். கம்ப்யூட்டர் இடது மணிக்கட்டில் இருந்தால், இன்ஃப்ளேட்டரைத் தூக்கிய கையோடு திரையும் கண்ணுக்கு நேரே வந்துவிடுகிறது. கன்சோலாக இருந்தால்? கயிற்றை விட்டுவிட்டு, இடுப்புப் பக்கம் துழாவி, கிளிப்பிலிருந்து கழற்றி முகத்துக்கு எதிரே கொண்டுவரவேண்டும். பலர் அதைச் செய்வதில்லை. பக்கத்தில் ஏறுகிறவரைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார்கள். 10 மீட்டரிலிருந்து மேல்மட்டத்துக்கு வருவதற்குள் அழுத்தம் பாதியாகக் குறைகிறது. கவனம் அதிகம் தேவைப்படும் இடத்தில் திரை கண்ணில் படுவதில்லை.

‘வேகம் கூடினால் பீப் அடிக்குமே’ என்பார்கள். அடிக்கும். தண்ணீருக்குள் ஒலி காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடுவதால், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிரிக்க முடியாது. ஆறு பேர் சேர்ந்து ஏறும்போது அடிப்பது என்னுடையதா, அடுத்தவருடையதா என்று எப்படித் தெரியும்? திரையைப் பார்த்தால்தான் உண்டு. கையில் கட்டும் சில மாடல்கள் அதிர்ந்தும் எச்சரிக்கும். இடுப்பில் தொங்கும் ரப்பர் உறை அதிர்ந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

இதுவரை சொன்னது வசதிப் பேச்சு. என்னை உண்மையில் அரிப்பது வேறு: வாடகை கன்சோல்.

நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் விடுமுறை டைவர்கள். வருஷத்தில் ஒரு வாரம். ரெகுலேட்டர் செட் கடையுடையது, கன்சோல் அந்த செட்டோடு ஒட்டிப் பிறந்தது. முதல் டைவ் முடிந்து படகில் எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்ன நடக்கிறது என்று அடுத்த முறை பாருங்கள். பையன்கள் காலி சிலிண்டரிலிருந்து செட்டைக் கழற்றி நிறைந்த சிலிண்டரில் மாட்டுகிறார்கள். எல்லா செட்டும் ஒரே கறுப்பு, ஒரே கம்பெனி. காலையில் வால்வில் ஒட்டிய மாஸ்க்கிங் டேப்பில் எழுதிய பெயர் உப்புத் தண்ணீரில் ஊறிக் கழன்றிருக்கும். உங்கள் ஜாக்கெட் உங்களுக்கே வரும், அளவு பார்த்துக் கொடுப்பார்கள். கன்சோல் உங்களுடையதேதானா?

மாறினால் என்ன? கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி உண்டு. நேற்றைய ஆழம், இன்று காலை நேரம், இடையில் மேலே இருந்த இடைவெளி எல்லாவற்றையும் வைத்துத்தான் அது அடுத்த கணக்கைப் போடுகிறது. 1908இல் வெளியிட்ட ஆய்வில் உடலியல் விஞ்ஞானி ஹால்டேனும் கூட்டாளிகளும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து, உடம்பை ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். அதன் வாரிசாக இன்று பல கம்ப்யூட்டர்களில் ஓடும் கணக்கில் அந்தத் திசுக்கள் 16. அவற்றில் மிக மந்தமானது, தன்னிடம் ஏறிய நைட்ரஜனில் பாதியை இறக்கிவைக்க 635 நிமிடம் எடுத்துக்கொள்ளும். பத்து மணி நேரத்துக்கும் மேல். இரவு தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

நேற்று மூன்று டைவ் போனவர் கையில், நேற்று முழுக்க ஆணியில் தொங்கிய கன்சோல் இன்று வந்தால், அது அவரைப் புது மனிதராக நினைத்துக்கொண்டு தாராளமாக நிமிடங்களை வாரி வழங்கும். பக்கத்து வீட்டுக்காரரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை சாப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தலைகீழாகவும் நடக்கும். முந்தைய ஆள், ஏறும் வழியில் கட்டாயமாக நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே வந்திருந்தால், சில கம்ப்யூட்டர்கள் கோபித்துக்கொண்டு ஒரு நாள், இரண்டு நாள் பூட்டிக்கொள்ளும். அவர் செய்த தப்புக்கு உங்களுக்கு ஆழமும் நேரமும் மட்டும் காட்டும் மீட்டர் கிடைக்கும்.

கம்ப்யூட்டரே இல்லாத செட் கிடைப்பதும் உண்டு. ‘அண்ணா, என் கையில இருக்கு, நீங்க என் கூடவே வந்தா போதும்’ என்பார் டைவ் மாஸ்டர். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அவர் 18 மீட்டரில் மிதந்துகொண்டிருக்க, கேமராவும் கையுமாக நீங்கள் பாறையின் அடிவாரத்தில் 22 மீட்டரில் படுத்திருந்தால்? பொழுதுபோக்கு டைவர்கள் பாடமாகப் படிக்கும் அட்டவணை ஒன்றில் 18 மீட்டருக்கு அனுமதி 56 நிமிடம். 22 மீட்டருக்கு 37 நிமிடம். நான்கே மீட்டர், மூன்றில் ஒரு பங்கு நேரம் போயிற்று. அவர் கையிலிருப்பது அவருடைய கணக்கு.

இந்த விஷயத்தில் சுற்றுலாக்காரர்களாவது பாக்கியசாலிகள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கடலிலும் கடலட்டைக்காகச் சிலிண்டர் கட்டி இறங்கும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்கி, கால் மரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுகிறவர்கள் அவர்களில் உண்டு. கையா இடுப்பா என்ற ஆராய்ச்சியெல்லாம் அவர்களுக்கு எட்டாத தூரம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கன்சோல் கட்சிக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. எழுத்து பெரிது, நாற்பது தாண்டிய கண்ணுக்கு இதம். காற்றும் நேரமும் ஒரே பார்வையில். கழன்று விழாது, ஹோட்டல் அறையில் மறந்து வைத்துவிட்டும் போக முடியாது. சொந்த செட்டே வைத்திருப்பவர் கன்சோலோடு சுகமாக இருக்கலாம். ஆனால் சொந்த செட்டை விமானத்தில் சுமந்து போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கைக் கம்ப்யூட்டரிலும் கவனிக்கவேண்டியவை உண்டு. ஆழத்தில் வெட்சூட் அமுங்கும், பட்டை தளர்ந்து மணிக்கட்டைச் சுற்றும். அதனால் இழுபடும் பட்டை போட்டதாக வாங்குங்கள். கையைச் சடாரென்று உயர்த்தினால் ‘வேகம், வேகம்’ என்று வீணாகக் கத்தும், பயப்படவேண்டாம். ஆபீசுக்கும் கட்டிக்கொண்டு போகலாம் என்று கடிகார அளவு மாடலுக்கு ஆசைப்பட்டால், கலங்கிய தண்ணீரில் எண் தெரியாமல் திண்டாடுவீர்கள். அடிக்கடி சார்ஜ் கேட்கும் வண்ணத் திரையைவிட, பேட்டரி மாற்றும் சாதாரண மாடலே வருஷத்துக்கு ஒரு வாரம் போகிறவருக்குப் போதும். பேட்டரி மாற்றும்போது ஓ-ரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள்.

சிலிண்டர் அழுத்தத்தைக் கம்பியில்லாமல் கைக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை விற்பனையாளர் அவசியம் எடுத்துக் காட்டுவார். ஆரம்ப நிலைக் கம்ப்யூட்டரின் விலைக்கே அது இன்னொரு செலவு. நடுவில் சிக்னல் போகலாம், அதன் பேட்டரி தீரலாம். படகில் யாராவது அதைக் கைப்பிடி என்று நினைத்துச் சிலிண்டரைத் தூக்கிவிடவும் வாய்ப்புண்டு. ஓஸில் இருக்கும் சாதாரண முள் மீட்டருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 200 பாரில் தொடங்கி 50 பாரில் மேலே வர அது போதும்.

இன்னொரு கணக்கு கரைக்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது: விமானம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம் பறக்கக்கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். கம்ப்யூட்டர் அந்த நேரத்தையும் எண்ணிக் காட்டும். வாடகை கன்சோல் அதை எண்ணிக்கொண்டு தீவுக் கடையின் ஆணியில் தொங்கும். நீங்கள் விமான நிலைய வரிசையில் நிற்பீர்கள்.

சொந்தமாக ஒரு கைக் கம்ப்யூட்டர் வாங்குங்கள். அது முடியாதென்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் டைவ் கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: ‘எனக்கென்று தனியாகக் கம்ப்யூட்டர் உண்டா? முதல் நாள் தருவதையே கடைசி நாள் வரை தருவீர்களா?’ இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வந்தால் கன்சோலே ஆனாலும் இறங்குங்கள். அதன் வரிசை எண்ணை மட்டும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.