மண் தரும் சான்றும் சங்கப்பாடல் வாசிப்பும்: நெய்வேலி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

1738இல் எர்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயியிலும் தொடங்கிய அகழாய்வுகள் இத்தாலிய நவசெவ்வியல் கவிஞர்களுக்குப் புதிய பாடுபொருளை வழங்கின. 1779இல் திவோலியில் பெரிக்கிளீசின் தலைச்சிற்பம் கிடைத்தபோது, அச்சிற்பமே பேசுவதாக வின்சென்சோ மோந்தி ஒரு கவிதை இயற்றினார். மண்ணிலிருந்து வெளிப்பட்ட பொருள் அங்குப் புதிய பாடலைப் பிறப்பித்தது.

தமிழில் இவ்வுறவு வேறு வரிசையில் அமைந்தது. உ.வே.சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வெளிவந்தது. மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு செய்தது 1945இல். ஏட்டுச்சுவடியிலிருந்து பாடல் முதலில் மீண்டது; மண்ணின் சான்று பின்னரே வந்தது. ஆகவே பழம்பாடலை வாசிக்கும் முறையிலேயே தொல்லியலின் தாக்கம் இங்கு மிகுதியாகப் புலப்படுகிறது. அத்தாக்கத்தின் வகைகளையும் எல்லைகளையும் நெய்வேலியைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காட்டுப் பகுதியையும் அதனை அடுத்த அரிக்கமேட்டையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்ச்சான்று: ஜம்பை

திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி என்பது அதன் செய்தி. பாளி என்பது ஈண்டுத் துறவியர் உறைவிடத்தைக் குறிக்கும். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் இடம்பெறும் ‘சதியபுத்திரர்’ யாவர் என்ற நெடுநாள் வினாவிற்கு இக்கல்வெட்டு விடையளித்தது.

இலக்கிய வாசிப்பிலும் இதன் பயன் பெரிது. அதியமான் கோவலூரை வென்றதை ஔவையார் புறநானூற்று 99ஆம் பாடலில் போற்றுகிறார். அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்றும் குறிப்பிடுகிறார். தகடூர்த் தலைவனின் பெயர் கோவலூர்ப் பகுதிப் பாறையிலேயே காணப்படுவது அப்பாடலின் நிலப்பின்னணிக்கு வலுவூட்டுகிறது. எனினும் கல்வெட்டு கூறுவது கொடையை. போரைப் பற்றி அதில் குறிப்பில்லை. ஒரே பெயர் ஒரு குடியில் மீண்டும் வழங்கியிருக்கவும் கூடும். ஆகவே கல்வெட்டைப் பாடலுக்கு அரண் செய்யும் சான்றாகக் கொள்ளலாம். போர் நிகழ்ச்சிக்கு நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பொருட்சான்று: அரிக்கமேடு

வீலரின் அகழாய்வைத் தொடர்ந்து 1947–48இல் கசால் அரிக்கமேட்டில் மேற்கொண்ட அகழாய்வும் மத்தியதரைக்கடல் வணிகத்தொடர்பை உறுதிப்படுத்தியது. ஆம்போரா எனப்படும் இருபிடி மதுச்சாடிகளும் இத்தாலியின் அரெசோ நகர மரபிலான அரிட்டைன் மட்கலங்களும் அங்குக் கிடைத்தன.

புறநானூற்று 56ஆம் பாடலில் யவனர் தந்த தேறலை நக்கீரர் குறிப்பிடுகிறார். அங்கு வரும் ‘நன்கலம்’ என்ற சொல் கப்பலையும் குறிக்கும், கொள்கலத்தையும் குறிக்கும். பழைய உரை அதனைக் குப்பி எனக் கொண்டது. ஆம்போரா கிடைத்த பின்னர், கொள்கலம் என்னும் பொருளுக்குக் கண்முன் காணத்தக்க வடிவம் ஒன்று அமைந்தது. ஆயினும் கப்பல் என்னும் பொருள் இதனால் விலகிவிடாது. சாடியைச் சுமந்து வந்ததும் கப்பலே. பாடல் பாண்டியனைப் பற்றியது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அகழாய்வு சொல்லின் பொருட்களத்தை விரிவாக்குகிறது. பொருளை முடிவுசெய்யும் பொறுப்பு உரையாசிரியரிடமும் வாசகரிடமுமே எஞ்சுகிறது.

நினைவுச்சான்று: திருக்கோவலூர்

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, கபிலர் பாரிமகளை மலையனுக்கு அளித்துத் தீப்புகுந்தார் எனக் கூறுகிறது. புறநானூற்று 236ஆம் பாடலின் கொளுவோ, அவர் பாரிமகளிரைப் பார்ப்பார்ப்படுத்து வடக்கிருந்தார் என்கிறது. மணமுடித்த இடமும் இறந்த முறையும் இரு சான்றுகளிலும் வேறுபடுகின்றன.

கல்லில் இருப்பதாலேயே ஒரு செய்தி மூத்ததாகிவிடாது. இக்கல்வெட்டு சங்கப்பாடல்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. கபிலரைப் பற்றிய நினைவு சோழர் காலத்தில் அவ்வட்டாரத்தில் எவ்வடிவில் வாழ்ந்தது என்பதற்கு அது சிறந்த ஆதாரமாகிறது. கபிலர் வாழ்க்கை வரலாற்றிற்கு அதனை எடுத்தாள்வதைவிடச் சங்க இலக்கிய ஏற்பு வரலாற்றிற்கு எடுத்தாள்வதே முறை.

ஊர்ப்பெயரின் எல்லை: மருங்கூர்

நெய்வேலி அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தின் மருங்கூர், 2024இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வுக்குத் தேர்ந்த எட்டு இடங்களுள் ஒன்று. நற்றிணை 258, அகநானூறு 227 ஆகிய நக்கீரர் பாடல்களில் மருங்கூர்ப்பட்டினம் இடம்பெறுகிறது. பெயர் ஒற்றுமை இரண்டையும் ஒன்றெனக் கொள்ளத் தூண்டும். ஆனால் அப்பாடல்கள் காட்டுவது கழி சூழ்ந்த நெய்தல் நிலப் பட்டினத்தை. அது பாண்டிநாட்டுக் கடற்கரையைச் சார்ந்தது என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. கடலூர் மாவட்ட மருங்கூரோ உள்நாட்டு ஊர். அதன் தொல்பொருட்களுக்குத் தனி மதிப்பு உண்டு. சங்கப்பாடலின் பெயரை அவற்றின்மீது ஏற்றவேண்டிய தேவை இல்லை. பாடலைக் கொண்டு இடத்தை அடையாளங்கண்டு, பின் அவ்விடத்தைக் கொண்டே பாடலை மெய்ப்பித்தல் வட்டவாதமாக முடியும்.

முடிவுரை

பெயர், பொருள், நினைவு, ஊர் ஆகிய நான்கும் வெவ்வேறு வலிமையுடைய சான்றுகள். பாடலும் தொல்பொருளும் தனித்தனியே ஆராயப்பட்ட பின்னரே ஒப்புநோக்கப்பட வேண்டும். அவ்வாய்வுக்கு மண்ணடுக்குகள் குலையாதிருத்தல் இன்றியமையாதது. எந்த அடுக்கில் கிடைத்தது என்று அறியப்படாத பானையோடு தன் சான்றுரைக்கும் ஆற்றலிற் பெரும்பகுதியை இழக்கிறது.

1956 முதல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் இயங்கிவரும் நெய்வேலியில் இக்கருத்து நடைமுறை முதன்மை பெறுகிறது. திறந்தவெளிச் சுரங்கம் நிலக்கரிக்கு மேலுள்ள மண் முழுவதையும் அகற்றுகிறது. மனித வாழ்விடத்தின் எச்சங்கள் தங்குவது அதன் மேலடுக்கிலேயே. சுவடி அழிந்தால் மற்றொரு படி கிடைக்கக்கூடும். குலைந்த மண்ணடுக்கிற்கு மறுபடி இல்லை. ஆகவே சுரங்க விரிவாக்கத்திற்கு முன் முறையான தொல்லியல் மேற்பரப்பாய்வு நிகழ்தல், வரலாற்றாய்வுக்கு மட்டுமன்றிச் சங்கப்பாடல் வாசிப்பிற்கும் உரிய தேவையாகும்.