தாத்தா முதல் பேரன் வரை: மாலத்தீவு விடுமுறையில் உடல்நலம்

சென்னையில் விமானம் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் மாலே. அங்கிருந்து விசைப்படகோ கடல் விமானமோ ஏற்றிக்கொண்டுபோய்த் தென்னையும் வெள்ளை மணலுமான ஒரு சின்னத் தீவில் இறக்கிவிடும். அந்தத் தீவு முழுவதுமே ஒரே ரிசார்ட். 1972இல் குரும்பா என்ற ரிசார்ட்டுடன் தொடங்கிய இந்தச் சுற்றுலா, நெடுங்காலம் தேனிலவுத் தம்பதியருக்கானதாகவே பேசப்பட்டது. இப்போது பள்ளி விடுமுறையில் பேரன் பேத்திகளோடு தாத்தா பாட்டியும் சேர்ந்து மூன்று தலைமுறையாகக் கிளம்புகிறார்கள். மகிழ்ச்சியான மாற்றம்தான். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயது இருதய நோயாளிக்கும் ஒரே கடற்கரை பாதுகாப்பாக இருக்க வேண்டுமென்றால், பெட்டி கட்டும்போதே சிலவற்றை யோசித்தாக வேண்டும்.

காரணம், தூரம். ஏறக்குறைய 1,190 தீவுகள் வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் சிதறிக் கிடக்கும் நாடு அது. பல ரிசார்ட்டுகளில் ஒரு மருத்துவர் இருப்பார். சிலவற்றில் செவிலியர் மட்டும். தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் பெரும்பாலும் மாலேயில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பொழுது சாய்ந்த பிறகு படகுதான். அலை அதிகமாக இருந்தால் அதுவும் மெதுவாகத்தான் வரும். எனவே அறையை முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. மருத்துவர் தீவிலேயே தங்கியிருக்கிறாரா? ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா? இரவில் ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பயணக் காப்பீட்டில் அவசரப் படகு அல்லது விமானச் செலவு அடங்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சத்தமில்லாமல் மூழ்கும் குழந்தை

மாலத்தீவு என்றதும் பெற்றோருக்குச் சுறா பயம் வருவது இயல்பு. கரையோரத்தில் முழங்கால் அளவு நீரில் சுற்றும் குட்டிச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் தாமே விலகிப் போய்விடும். உண்மையில் பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

மூழ்குபவர் கையை ஆட்டி, "காப்பாத்துங்க" என்று கத்துவார் என்று சினிமா நமக்குப் பழக்கிவிட்டது. நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து கண்டது வேறு. வாய் நீருக்கு மேலே வரும் அந்த ஒரு கணம் மூச்சு இழுக்கவே போதாது. கத்த எங்கே நேரம்? கைகள் மேலே எழாமல் பக்கவாட்டில் நீரை அமுக்கிக்கொண்டிருக்கும். உடல் செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாயும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துபோகலாம். பார்ப்பவருக்குக் குழந்தை தண்ணீரில் நின்று விளையாடுவதுபோலத்தான் தெரியும்.

கூட்டுக் குடும்பமாகப் போகும்போது ஆபத்து குறையும் என்று தோன்றும். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. கரையில் பத்துப் பேர் இருந்தால், யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று பத்துப் பேருமே நினைத்துவிடுகிறார்கள். அதனால் பெயர் சொல்லிப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும்: அடுத்த இருபது நிமிடம் சித்தப்பா, அதற்கடுத்து அத்தை. முறை வந்தவர் கைபேசியைத் தொடக்கூடாது, மது அருந்தியிருக்கக்கூடாது, நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டைகளும் ரப்பர் வளையங்களும் விளையாட்டுப் பொருட்கள்தாம். அவற்றை நம்பிக் குழந்தையை விடக்கூடாது. அதிலும் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் மிதவை பொம்மைமேல் உட்கார்ந்திருக்கும் சிறுவன் கண்ணெதிரே தள்ளிப் போய்விடுவான். எடைக்கு ஏற்ற, கால்களுக்கு இடையே பட்டை கொண்ட உயிர்காப்புச் சட்டையே வேண்டும். அந்த அளவு கிடைக்குமா என்று ரிசார்ட்டில் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

நீர்மேல் கட்டிய குடில்கள் படத்தில் அழகாக இருக்கும். அவற்றின் பின்தளத்திலிருந்து கடலுக்குள் இறங்கப் படிகள் உண்டு. பலவற்றில் கைப்பிடிச் சுவரே கிடையாது. சில ரிசார்ட்டுகள் சிறு குழந்தைகளை அங்கே தங்க அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும், நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கும் குடும்பம் கரையிலுள்ள குடிலையே எடுப்பது நல்லது. தனி நீச்சல் குளம் உள்ள குடிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எல்லோரும் அசந்து தூங்கும் மதிய நேரத்தில் குழந்தை கதவைத் திறந்துகொண்டு போனால் அங்கே உயிர்காப்பாளர் இருக்கமாட்டார்.

மூழ்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல்வதும் நம்மிடையே இன்னும் இருக்கும் பழக்கங்கள். இரண்டுமே தீங்கு. வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும். அதைவிட முக்கியமாக, மூச்சுக் கொடுக்க வேண்டிய விலைமதிப்பற்ற நேரம் வீணாகும். நீரில் மூழ்கியவரின் இதயம் நிற்பது ஆக்சிஜன் இல்லாததால். அதனால் மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு மார்பில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று உதவி வரும்வரை தொடர வேண்டும். இதைக் கட்டுரை படித்துக் கற்க முடியாது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. விடுமுறைக்கு முன் குடும்பத்தில் இருவராவது ஒருநாள் ஒதுக்கிக் கற்றுக்கொண்டால், அந்தத் திறன் ஊர்க் கிணற்றடியிலும் உதவும். காப்பாற்றப்பட்ட குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டாலும், இருமலோ மூச்சு இரைப்போ சோர்வோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அமைதியான பக்கம் எது?

பவளப்பாறை வளையத்துக்கு உட்பட்ட கடல் குளம்போல அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்கு ஒரு எல்லை உண்டு. பாறையின் விளிம்பைத் தாண்டினால் தரை சட்டென்று செங்குத்தாக இறங்கிவிடும். பாறைகளுக்கு இடையே உள்ள கால்வாய்களில், கடல் ஏறும்போதும் வற்றும்போதும் நீர் வேகமாக இழுக்கும். மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதலான மாதங்களில் அலை ஒரு பக்கம் மோதும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் மறுபக்கம். பருவத்துக்கேற்ப மணலே தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்கிறது. சென்ற ஆண்டு உறவினர் குளித்த இடம் இந்த ஆண்டும் பாதுகாப்பாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இன்று எந்தப் பக்கம் இறங்கலாம் என்று தினமும் காலையில் நீர் விளையாட்டு மையத்தில் கேட்பதே சரி.

இழுவையில் சிக்கியவர் கரையைப் பார்த்து நேராக நீந்திக் களைத்துப்போவதுதான் உயிரைப் பறிக்கிறது. மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து வெளியேற வேண்டும். கரையில் நிற்பவர் பதறிக் குதிக்காமல் மிதவை ஒன்றை எறிய வேண்டும். பிள்ளையைக் காப்பாற்றப் போன அப்பா மூழ்கிய துயரங்கள் உலகமெங்கும் நடந்திருக்கின்றன.

ஐம்பதைத் தாண்டியவர் மீன் பார்க்கும்போது

முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு நீர்ப்பரப்பில் மிதந்தபடி பவளப்பாறை மீன்களைப் பார்ப்பதுதான் ஸ்நார்கெலிங். மிக எளிது என்பதால் நீச்சல் தெரியாதவர்களும் இறங்கிவிடுகிறார்கள். ஹவாய்த் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் நீரில் இறக்கும் சம்பவங்களில் முதலிடம் இதற்குத்தான். அங்கே நடந்த ஆய்வு ஒரு முக்கியமான சந்தேகத்தை எழுப்பியது: பலர் நீரைக் குடித்து மூழ்கவில்லை, நுரையீரலுக்குள் திடீரென நீர் கோத்து, ஆக்சிஜன் குறைந்து, போராட்டமே இல்லாமல் தளர்ந்துபோயிருக்கிறார்கள்.

நீரில் கிடக்கும்போது கால்களில் உள்ள ரத்தம் மார்புக்கு ஏறுகிறது. குறுகிய குழாய் வழியாக மூச்சை வலிந்து இழுக்கும்போது நுரையீரலுக்குள் உறிஞ்சும் அழுத்தம் கூடி, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. இதயத் தளர்ச்சியோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ உள்ள ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆபத்து கூடுதல். இவர்கள் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். இறங்குவதென்றால் கால் தரையில் ஊன்றும் ஆழத்தில், துணையோடு மட்டும். முகம் முழுவதையும் மூடும் முகமூடியை அவசரத்தில் கழற்றுவது கடினம் என்பதால் வாயில் கவ்வும் சாதாரணக் குழாயே மேல். மூச்சு வாங்குகிறது, கை கால் வலுவிழக்கிறது என்று தோன்றிய உடனேயே குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து, கையைத் தூக்கி, வெளியே வந்துவிட வேண்டும். 'இன்னும் ஐந்து நிமிடம்' என்று இழுக்கக் கூடாது.

கறுத்த தோலும் சுடும்

நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்தக் கடலில் உச்சி வேளையின் புற ஊதாக் கதிர் அளவு ஆண்டின் பெரும்பகுதி 11க்கு மேல். உலக அளவுகோலில் அதுதான் உச்சப் பிரிவு. வெண்மணல் சுமார் 15 சதவீதத்தையும் அலை நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ளதில் 40 சதவீதம் எட்டும். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவது தெரிவதில்லை, அவ்வளவுதான். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையோடு குப்புற மிதந்து மீன் பார்த்தவர்கள் இரவில் முதுகை மெத்தையில் சாய்க்க முடியாமல் தவிப்பார்கள்.

முழுக்கை நீச்சல் உடையும் அகன்ற தொப்பியும் களிம்பைவிடப் பயனுள்ளவை. களிம்பு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து வந்ததும் மீண்டும் பூச வேண்டும். ஆக்ஸிபென்சோன் கலந்த களிம்பு பவளப்பாறைக்குக் கேடு என்று 2021 முதல் ஹவாய் அதன் விற்பனைக்குத் தடை விதித்திருக்கிறது. துத்தநாக ஆக்சைடு களிம்பு வாங்கிச் செல்லலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழல்தான் மருந்து. காலை 10 முதல் மாலை 4 வரை அந்தக் குழந்தை மணலுக்கே வர வேண்டாம்.

சர்க்கரை நோயாளியின் பாதம்

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது. ஆக, மூன்று தலைமுறை சேர்ந்து கிளம்பும் குடும்பங்களில் பலவற்றில் ஒருவருக்காவது சர்க்கரை இருக்கும். நெடுநாள் நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு மதிய மணல் சுடுவதே தெரியாது. உடைந்த பவளத் துண்டு கிழித்ததும் தெரியாது. இரவில் காலுறையில் ஈரம் கண்டுதான் கவனிப்பார். அவர்கள் மணலிலும் நீரிலும் நீர்க் காலணி அணிய வேண்டும். தினமும் படுக்கும் முன் வீட்டார் யாராவது பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கொப்புளமோ கீறலோ இருந்தால் ஊருக்குப் போய்க் காட்டலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெடலாம், கடற்கரைப் பையில் வைத்தால் வெந்து கெடலாம். மருந்துச் சீட்டோடு கைப்பையில் எடுத்துச் சென்று அறைக் குளிர்பெட்டியில் வைப்பதே முறை. வெயிலில் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். நீந்தினால் சர்க்கரை மேலும் இறங்கும். நீரில் இறங்கும் முன் அளவு பார்த்துக்கொள்வதும் கரையில் இனிப்பு வைத்திருப்பதும் கட்டாயம். எல்லா மாத்திரைகளும் தேவைக்கு மேல் சில நாட்களுக்குக் கூடுதலாக இருக்கட்டும். ரிசார்ட் தீவில் மருந்துக் கடையை எதிர்பார்க்க முடியாது.

மீன் குத்தினாலும் மீன் தின்றாலும்

மாலத்தீவின் அன்றாட உணவு சூரை மீன். தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்த மாஸ் ஹுனியை ரொட்டியோடு காலையில் தருவார்கள். புதிதாகச் செய்திருந்தால் தயங்காமல் சாப்பிடலாம். தவிர்க்க வேண்டியவை பெரிய சீலா, பெரிய களவா, அஞ்சாளை போன்ற பாறை மீன்கள். பாறைப் பாசியில் வாழும் நுண்ணுயிரின் நஞ்சு, சிறு மீன் வழியாகப் பெரிய மீனில் சேர்கிறது. சமைத்தாலும் போகாது, சுவையிலும் தெரியாது. வாந்தியோடு வாயைச் சுற்றி மரத்துப்போனாலோ குளிர்ந்த பொருள் கையில் சுடுவதுபோலத் தோன்றினாலோ இந்த நஞ்சை நினைக்க வேண்டும்.

கல் மீனோ திருக்கையோ குத்தினால், பொறுக்கும் அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரி வெப்பத்தில், குத்திய இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி அடங்கும். அதோடு நிற்காமல் மருத்துவரிடமும் போக வேண்டும். பவளம் கீறிய புண்ணைச் சோப்புப் போட்டு நன்கு தேய்த்துக் கழுவாவிட்டால் ஆற வாரங்களாகும்.

திரும்பும் நாளும் அதன் பிறகும்

அழுத்தி அடைத்த காற்று உருளையோடு ஆழ்கடலில் மூழ்கியவர் உடனே விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகி மூட்டுகளையும் மூளையையும் தாக்கும். ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் தொடர்ந்து மூழ்கியிருந்தால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். கடல் விமானத்துக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் மாலத்தீவுக்குச் சான்றளித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது, மழை மாதங்களில் பெருகுவது. குழந்தைகளுக்குக் காலையிலும் மாலையிலும் கொசு விரட்டி பூச வேண்டும். கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும் என்பதால் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே தெரியவரும். அப்போது மாலத்தீவு போய்வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. ஐபுபுரூஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாட்களில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை சோர்ந்து கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.