ப. ஜீவானந்தம்: ஒரே ஒரு முறை சட்டமன்ற உறுப்பினர்

ப. ஜீவானந்தம் (21 ஆகஸ்ட் 1907 – 18 ஜனவரி 1963) விடுதலைப் போராட்ட வீரர், பொதுவுடைமை இயக்கத் தலைவர், இதழாசிரியர், மேடைப் பேச்சாளர். மக்கள் இவரை 'ஜீவா' என்றே அழைத்தனர். 1952 முதல் 1957 வரை வண்ணாரப்பேட்டைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்.

இளமையும் இயக்கங்களும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பூதப்பாண்டியில் பிறந்தார். அவ்வூர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பெற்றோர் வைத்த பெயர் சொரிமுத்து. இளமையில் காந்திய வழியில் நின்று, காரைக்குடி அருகே சிராவயலில் ஆசிரமம் நடத்தினார். பின்னர் சுயமரியாதை இயக்கத்தில் இணைந்தார். பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்?' என்னும் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகச் சிறை சென்றார். அடுத்து காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சி, அதன்பின் பொதுவுடைமைக் கட்சி என அவரது பாதை நீண்டது. 1937இல் தொடங்கிய 'ஜனசக்தி' இதழின் ஆசிரியராகவும் இருந்தார்.

1952 தேர்தல்

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தல் இது. ஆந்திரம், மலபார் பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய சென்னை மாநிலத்தில் 375 இடங்கள் இருந்தன. காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. பொதுவுடைமைக் கட்சி 62 இடங்களில் வென்றது. பெரியார் அக்கட்சியை ஆதரித்தார். தொழிலாளர்கள் நிறைந்த வடசென்னையில் ஜீவா வெற்றி பெற்றார்.

சட்டமன்றத்தில் அவர் தமிழில் பேசினார். ஆட்சியும் கல்வியும் தமிழில் நடக்க வேண்டும் என வாதிட்டார். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956 டிசம்பரில், அவர் உறுப்பினராக இருந்தபோதே நிறைவேறியது. அதற்குச் சற்று முன், 1956 நவம்பர் 1 அன்றுதான் பூதப்பாண்டி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதுவரை, தாம் பிறந்த ஊர் இடம்பெறாத ஒரு மாநிலத்தின் சட்டமன்றத்தில்தான் ஜீவா அமர்ந்திருந்தார்.

தோல்வியும் காரணங்களும்

1957 தேர்தலில் ஜீவா தோற்றார். இது அவர் ஒருவருடைய தோல்வி அன்று. 205 இடங்கள் கொண்ட அந்தப் பேரவையில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை 4 மட்டுமே. கட்சி வலுவாக இருந்த ஆந்திரப் பகுதி 1953இலும், மலபார் 1956இலும் பிரிந்து போயின. 1954இல் காமராஜர் முதலமைச்சரானபின் பெரியாரின் ஆதரவு அவர் பக்கம் திரும்பியது. 1957இல் திராவிட முன்னேற்றக் கழகமும் தேர்தல் களம் இறங்கியது. 1962இல் மீண்டும் போட்டியிட்ட ஜீவாவுக்கு அப்போதும் வெற்றி கிட்டவில்லை.

பதவிக்குப் பின்

பதவி போனபின் ஜீவா ஓய்ந்துவிடவில்லை. 'தாமரை' இலக்கிய இதழைத் தொடங்கினார். 1961இல் தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தை நிறுவினார். கம்பனையும் பாரதியையும் எளிய மக்களின் மேடைக்குக் கொண்டு சென்றார். 55 வயதில் மறைந்தார்.

மதிப்பீடு

எத்தனை முறை வென்றார் என்பதைக் கொண்டு மட்டும் ஒருவரின் பொதுவாழ்வை அளந்துவிட முடியாது. அமெரிக்காவின் ஆபிரகாம் லிங்கன் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் 1847 முதல் 1849 வரை ஒரே ஒரு முறைதான் உறுப்பினராக இருந்தார். அவர் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். ஜீவாவுக்கு வேறு பதவி எதுவும் வாய்க்கவில்லை. ஆயினும் அவர் தொடங்கிய இதழும் அமைப்பும் அவருக்குப் பின்னும் பல எழுத்தாளர்களை வளர்த்தன. அவருடைய ஐந்தாண்டுச் சட்டமன்றப் பணியை அந்த நீண்ட உழைப்பின் ஒரு பகுதியாகக் காண்பதே பொருத்தம்.