ஓர் எழுத்து மாறினால்...
மூலக்கூறு மரபியல் பாடத்தைத் தேர்வுக்குத் தயார் செய்ய ஒரு வழி

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மூலக்கூறு மரபியல் பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் பலர் படியெடுத்தல், புரத உருவாக்கம், திடீர்மாற்றம் ஆகியவற்றைத் தனித்தனி வினாக்களாக மனப்பாடம் செய்கின்றனர். வினா சற்று மாறி வந்தால் தடுமாறுகின்றனர். கல்லூரியிலும் இதே சிக்கல் தொடர்கிறது. இவை ஒரே நிகழ்வின் அடுத்தடுத்த படிகள் என்று காட்ட, கொங்கு மண்டலத்தை ஒட்டிய நீலகிரியிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

1952-இல் லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள், நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கதிர் அரிவாள் செல் பண்பு காணப்படுவதை வெளியிட்டனர். இந்நோய்க்குக் காரணமான ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மட்டுமே மாறியிருப்பதை 1950-களின் பிற்பகுதியில் இன்கிராம் கண்டறிந்தார். 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியில், ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலைன் வந்துவிடுகிறது.

இதைக் கரும்பலகையில் படிப்படியாக எழுதச் செய்யலாம். டி.என்.ஏ. வார்ப்பு இழையில் சிடிசி என்பது சிஏசி ஆகிறது. அதனால் தூது ஆர்.என்.ஏ.வில் ஜிஏஜி என்பது ஜியுஜி ஆகிறது. ஆகவே குளுட்டாமிக் அமிலம் சேர வேண்டிய இடத்தில் வாலைன் சேர்கிறது. ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகின்றன. சிவப்பணு அரிவாள் வடிவம் பெற்று நுண் இரத்தக்குழாய்களை அடைக்கிறது.

அடுத்து, அதே ஜிஏஜி குறியீட்டை வைத்து இரண்டு வினாக்கள் கேட்கலாம்.

1. அது ஜிஏஏ ஆக மாறினால்? அதுவும் குளுட்டாமிக் அமிலத்தையே குறிக்கிறது. புரதம் மாறாது.

2. யுஏஜி ஆக மாறினால்? அது நிறுத்தக் குறியீடு. சங்கிலி பாதியில் நின்றுவிடும்.

எல்லாத் திடீர்மாற்றமும் நோயாவதில்லை என்பதை மாணவர்கள் இங்கே தாமாகவே உணர்வார்கள். மரபுக் குறியீட்டு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அதைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பதும் புரியும்.

மெண்டலின் விதியையும் இதனுடன் இணைக்கலாம். பெற்றோர் இருவரும் கடத்திகளாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கடத்தியாக இருக்க 50 விழுக்காடு. 'முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது' என்று எழுதும் மாணவரை இவ்விடத்தில் திருத்தலாம்.

இது வெறும் தேர்வு வினா அல்ல. ஆனைகட்டி, கூடலூர் போன்ற மலைப்பகுதிப் பள்ளிகளில் இந்நோயுள்ள குழந்தை நம் வகுப்பிலேயே இருக்கலாம். எனவே எந்தச் சமூகத்தையும் சுட்டி, 'உங்களுக்கு வரும் நோய்' என்று பேசக்கூடாது. ஆப்பிரிக்கா, மத்தியத்தரைக்கடல் நாடுகள், மத்திய இந்தியா ஆகிய இடங்களிலும் இது உண்டு. கடத்திகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைப்பதால், மலேரியா மிகுந்த பகுதிகளில் இம்மரபணு நிலைத்தது என்பதைச் சொல்லலாம்.

நோயுள்ள குழந்தைக்கு நீரிழப்பும் குளிரும் கடும் உடற்பயிற்சியும் வலியைத் தூண்டக்கூடும். தண்ணீர் குடிக்கவும் ஓய்வெடுக்கவும் தடையில்லாமல் அனுமதிப்போம். வலியால் வரும் விடுப்பைச் சோம்பலாக எண்ணாமல், விடுபட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுப்போம். 2023-இல் தொடங்கிய தேசிய கதிர் அரிவாள் இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தின்கீழ் நடைபெறும் பரிசோதனை பற்றிப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதும் நம்மால் இயன்றதே.