இணையவழிப் பள்ளியில் சேருமுன்: தேர்வை நடத்துவது யார்?

கல்லூரிச் சேர்க்கையில் முதலில் சரிபார்க்கப்படுவது, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை வழங்கிய வாரியம் எது என்பதுதான். ‘ஆன்லைன் ஸ்கூல்’ என்று விளம்பரம் செய்யும் பல நிறுவனங்கள் பாடம் மட்டுமே நடத்துகின்றன. தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. வேலை மாற்றலாகிப் புனே வந்த குடும்பங்களும், ஜேஇஇ, நீட் பயிற்சிக்கு நேரம் தேடும் மாணவர்களும் இந்தப் பள்ளிகளை நாடும்போது, இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறினால் இரண்டு ஆண்டுப் படிப்பும் கட்டணமும் வீணாகும்.

2023இல் புனே காவல்துறை பிடித்த போலிச் சான்றிதழ் கும்பல், ‘மகாராஷ்டிரா ஸ்டேட் ஓபன் ஸ்கூல்’ என்ற பெயரில் இணையதளமே நடத்தி வந்தது. மாநில அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியம் ‘மகாராஷ்டிரா ஸ்டேட் போர்டு ஆஃப் ஓபன் ஸ்கூலிங்’ என்ற பெயரில் புனேயிலேயே இயங்குகிறது. இரண்டு பெயருக்கும் உள்ள ஒற்றுமையே கும்பலின் மூலதனம். ஆகவே பெயரையும் முத்திரையையும் நம்பாமல், வாரியத்தின் அலுவலகத்திலோ அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலோ நேரடியாகச் சரிபார்ப்பதே பாதுகாப்பு.

அங்கீகாரம் உள்ள வழிகள்

முதல் வழி, மத்திய அரசு 1989இல் நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ். தலைமையகம் நொய்டாவில் உள்ளது. புனேயில் மண்டல மையம் உண்டு. 2021 ஆகஸ்டில் இது மெய்நிகர் பள்ளியையும் தொடங்கியது. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் நடக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் 9 முறை தேர்வெழுதலாம். முன்பு படித்த வாரியத்தில் தேறிய பாடங்களில் இரண்டு வரை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் பிளஸ் டூ சான்றிதழுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி தேவை. பத்து முடித்த கையோடு ‘ஒரே ஆண்டில் பிளஸ் டூ’ என்று வாக்களிக்கும் ஏஜென்ட்டின் பேச்சு அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது, மகாராஷ்டிர மாநில வாரியத்தில் 17ஆம் எண் படிவம் நிரப்பித் தனித்தேர்வராக எழுதுவது. எந்தப் பிரிவு மாணவர்களுக்கு இது பொருந்தும், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதைப் புனேயில் உள்ள வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டு இணையப் பள்ளிகள். 2006இல் தொடங்கிய ஸ்டான்போர்டு ஆன்லைன் ஹைஸ்கூல் போன்றவை நேரலை வகுப்பு நடத்துகின்றன. கலிபோர்னியாவில் காலை 10 மணி வகுப்பு என்றால், இந்தியாவில் பருவத்தைப் பொறுத்து இரவு 10.30 அல்லது 11.30 மணி. இத்தகைய சான்றிதழுடன் இந்தியக் கல்லூரியில் சேர, உரிய அமைப்பு தரும் சமநிலைச் சான்றிதழ் கேட்கப்படலாம். முழுக்க இணையவழியில் பெற்ற சான்றிதழுக்கு அது கிடைக்குமா என்பதைச் சேருமுன்பே எழுதிக் கேட்டுப் பதில் பெறுவது நல்லது.

டம்மி பள்ளி

வழக்கமான பள்ளியின் பதிவேட்டில் பெயரை ஏற்றிவிட்டு, மாணவரைக் கோச்சிங் வகுப்பில் உட்கார வைக்கும் ஏற்பாடு இது. சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 2024 மார்ச்சில் திடீர் ஆய்வுக்குப் பின் சிபிஎஸ்இ 20 பள்ளிகளின் இணைப்பை ரத்து செய்தது. புனேயில் உள்ள ஒரு பள்ளியும் அவற்றில் அடக்கம். வருகைப் பதிவு பொய் என்று தெரியவந்தால் பள்ளிக்கு இணைப்புப் போகும், மாணவருக்குத் தேர்வெழுதும் வாய்ப்பே போகலாம். பள்ளிக்குப் போக இயலாதவர், சட்டப்படி திறந்தநிலையாகவே உள்ள என்ஐஓஎஸ் வழியைத் தொடக்கத்திலேயே தேர்வது மேல்.

பல்கலைக்கழகம் கேட்பவை

ஜேஇஇ தேர்வுக்கு, குறைந்தது ஐந்து பாடங்களுடன் தேறிய என்ஐஓஎஸ் பிளஸ் டூ ஏற்கப்படுகிறது. ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கு 75 சதவீதம் அல்லது வாரியத்தின் முதல் 20 பெர்சன்டைலில் இடம் வேண்டும். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 65 சதவீதம். திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை நீட் தேர்வில் தடுத்த விதியை டெல்லி உயர்நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. 2024இல் உச்சநீதிமன்றமும் அவர்களுக்குத் தகுதி உண்டு என்று தெளிவுபடுத்தியது. இயற்பியல், வேதியியல், உயிரியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. அது எந்த மையத்தில் நடக்கும் என்பதைப் பதிவின்போதே அறிந்துகொள்ள வேண்டும்.

மாநில ஒதுக்கீடு தனிக் கணக்கு. மகாராஷ்டிர ஒதுக்கீட்டில், 10, 12ஆம் வகுப்புகளை மாநிலத்துக்குள் முடித்தார்களா என்பது பார்க்கப்படுகிறது. புனேயில் வாழும் பிள்ளைக்கு வேறு மாநில முகவரியில் பதிவு போட்டால் அந்த உரிமை கைநழுவலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வை எண்ணும் குடும்பங்களுக்கு, 8 முதல் 12 வரை வெளிமாநிலத்தில் படித்ததால் நேட்டிவிட்டி சான்றிதழ் தேவைப்படும்.

பணம் கட்டுமுன்

என்ஐஓஎஸ் சேர்க்கை உறுதியானதும் மாணவருக்கு 12 இலக்கப் பதிவு எண் வரும். அதை என்ஐஓஎஸ் இணையதளத்தில் இட்டு, பெயர், பிறந்த தேதி, பாடங்கள், படிப்பு மையம் ஆகியவற்றைப் பெற்றோரே பார்க்க வேண்டும். ‘எண் பிறகு வரும்’ என்று நிறுவனம் இழுத்தடித்தால், மண்டல மையத்தில் விசாரிக்கும் வரை அடுத்த தவணையைக் கட்டக் கூடாது. வாரியக் கட்டணத்துக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் தனித்தனி ரசீது கேட்க வேண்டும். அசல் மதிப்பெண் பட்டியலையும் டிசியையும் யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது.

கட்டணத்தைக் கடனாக மாற்றித் தரும் நிறுவனங்கள் உண்டு. நிறுவனம் மூடினாலும் தவணை நிற்காது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் தருபவர் வட்டி உள்ளிட்ட முழுச் செலவையும் காட்டும் விவரக் குறிப்பைத் தர வேண்டும். குறிப்பிட்ட நாட்களுக்குள் அசலையும் அதுவரையிலான வட்டியையும் கட்டிக் கடனிலிருந்து விலக அனுமதிக்கவும் வேண்டும். அந்த நாட்கள் எத்தனை என்று பார்த்த பிறகே ஓடிபி சொல்ல வேண்டும்.

ஏமாற்றப்பட்டால்

முதலில் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல், கோச்சிங் மையத்திலிருந்து இடையில் விலகுபவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளில் தர வேண்டும் என்கிறது. மாநிலம் சட்டமாக்கினால்தான் இதற்கு முழு வலு. ஆனாலும் கடிதத்தில் சுட்டிக்காட்டலாம்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கட்டணம் செலுத்திய வழக்குகளை அது ஏற்கும். நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, புகார்தாரர் வசிக்கும் புனேயிலேயே மனு போடலாம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. முறையான கல்வி நிறுவனங்கள் இச்சட்டத்துக்குள் வருமா என்பதில் தீர்ப்புகள் மாறுபடுகின்றன. கோச்சிங் மையங்கள் வரும் என்று தேசிய ஆணையம் 2020இல் கூறியது. ஆகவே மனுவில் நிறுவனத்தை ‘பள்ளி’ என்று குறிக்காமல், கட்டணம் வாங்கிப் பயிற்சி தந்த சேவை நிறுவனம் என்று தெளிவாகக் காட்டுவது உதவும்.

கடன் கொடுத்த நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இணையவழிப் பணமோசடிக்கு உடனே 1930 எண்ணில் புகார் தர வேண்டும். சான்றிதழே போலி என்று தெரிந்தால் அதை எங்கும் காட்டாமல் காவல் நிலையத்தில் ஒப்படைத்துப் புகார் எழுத வேண்டும். தெரிந்தே பயன்படுத்தினால் மாணவரும் குற்றவாளி ஆவார். நுகர்வோர் மனுவுக்குக் கால வரம்பு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.