கிருஷ்ணா வந்தது, பாலாறு வரவில்லை

காஞ்சிபுரத்தில் பாலாற்றைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐந்தே நிமிடத்தில் ஆந்திராவைத் திட்டுவதில் வந்து நிற்கும். டீக்கடையிலும் அப்படித்தான், விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் அப்படித்தான். பட்டுக்குச் சாயம் போடுகிற பெரியவர்கள்கூட, "பாலாத்துத் தண்ணியில அலசினாத்தான் அந்த மினுமினுப்பு வரும், இப்ப எங்க?" என்று ஆரம்பித்துத் தடுப்பணையில் கொண்டுபோய் முடிப்பார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அதே ஆந்திராதான் சென்னைக்குக் கிருஷ்ணா நீர் அனுப்புகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். ஒரு ஆற்றுக்கு ஒப்பந்தம், இன்னொன்றுக்குக் கோர்ட்.

முதலில் பாலாறு. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, நம்மிடம் 222 ஓடி, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. கீழே இருப்பவர் சம்மதமில்லாமல் மேலே புதிய அணை கட்டக்கூடாது என்று மைசூரும் சென்னை மாகாணமும் 1892ல் போட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. அதை வைத்துத்தான், குப்பம் அருகே கணேசபுரத்தில் ஆந்திரா அணை கட்டக் கிளம்பியபோது 2006ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2016ல் பெரும்பள்ளம் தடுப்பணையை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தினார்கள். ஜெயலலிதா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். மறுபடி ஒரு வழக்கு. 2024 பிப்ரவரியில் ஜெகன்மோகன் ரெட்டி அடிக்கல் நாட்டினார். வழக்கு நிலுவையில் இருக்கும்போது இது நீதிமன்ற அவமதிப்பு என்று துரைமுருகன் அறிக்கை விட்டார். இரண்டு பக்கமும் ஆட்சி மாறியது, பாட்டு மாறவில்லை.

இப்போது கிருஷ்ணா. சென்னையின் குடிநீருக்காக மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலா 5 டி.எம்.சி. தர 1976ல் ஒப்புக்கொண்டன. சேதாரம் 3 போக நமக்கு 12. இதைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவர வேண்டியது ஆந்திரா. 1983 ஜனவரியில் அங்கே முதல்வரானவர் என்.டி.ராமராவ், தெலுங்கர் தன்மானம் என்று முழங்கி ஜெயித்தவர். "ஒரு சொட்டு கிடையாது" என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கைதட்டல்தான் கிடைத்திருக்கும். ஆனால் அதே வருஷம் ஏப்ரலில் எம்.ஜி.ஆர். அரசோடு ஒப்பந்தம் போட்டார். கோடம்பாக்கத்துப் பழக்கம் என்பார்கள். இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கணக்கு. வெறும் குடிநீர்க் கால்வாயாக இருந்ததை, ராயலசீமாவிலும் நெல்லூரிலும் 5.75 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தரும் தெலுங்கு கங்கைத் திட்டமாக ஆந்திரா விரித்துக்கொண்டது. செலவில் தமிழ்நாடும் பங்கு போட்டது. அவர்களுடைய விவசாயிக்கும் அதில் லாபம் இருந்தது, அதனால் அவர் மறிக்கவில்லை. 1996ல் தண்ணீர் எல்லை தாண்டி வந்தது. பல வருஷம் 12 டி.எம்.சி. முழுதாக வரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் வருகிறது.

அப்படியானால் வழக்கே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரவில்லை. வங்கியில் கடன் வசூல் பார்த்தவன் நான். மூன்று வருஷக் காலக்கெடு தாண்டினால் பாக்கிக்கு வழக்கே போட முடியாது. அதனால் முதலில் சூட் ஃபைல் செய்வோம். செய்துவிட்டு, மறுநாளே அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "எவ்வளவு முடியும், எப்ப முடியும்?" என்று கேட்போம். வழக்கு உரிமையைக் காப்பாற்றும். பணம் பெரும்பாலும் திண்ணையில்தான் வரும். பாலாற்றில் நம் தலைவர்கள் முதல் பாதியைச் செய்தார்கள். திண்ணைக்கு யாருமே போகவில்லை.

காவிரியில் போனார்கள், அதுவும் விவசாயிகள். 2002ல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் தண்ணீர் விடாமல், எஸ்.எம்.கிருஷ்ணா மண்டியாவுக்குப் பாதயாத்திரை கிளம்பினார். கடைசியில் கோர்ட்டில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் திறந்தார். ஆக, மோதலுக்கும் பலன் உண்டு. ஆனால் அடுத்த வருஷமே சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் காவிரிக் குடும்பம் என்று கூடினார்கள். இவர்கள் வயலை அவர்களும், அவர்கள் வயலை இவர்களும் போய்ப் பார்த்தார்கள். பங்கீடு அங்கே முடிவாகவில்லை. 2018ல் உச்ச நீதிமன்றம்தான் 177.25 டி.எம்.சி. என்று சொன்னது. ஆனால் மண்டியாக்காரர் என்ன பயிர் வைக்கிறார், வறட்சி வந்தால் அவருக்கு எத்தனை ஏக்கர் காய்கிறது என்று டெல்டாக்காரர் நேரில் தெரிந்துகொண்டார். குப்பத்து விவசாயியைப் பற்றி நமக்கு அந்த அளவுக்காவது தெரியுமா?

இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஹந்திரி-நீவா கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் குப்பம் வரை வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் சந்திரபாபு நாயுடுவே அங்கே பூஜை போட்டார்; அவர் 1989லிருந்து அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. மேலே வேறு தண்ணீர் கிடைக்கிறது என்றால், மழைக்காலத்தில் பாலாற்று வெள்ளத்தை எவ்வளவு கீழே விடலாம் என்று கேட்க இதைவிட நல்ல நேரம் இல்லை. பதிலுக்கு நாம் என்ன தருவோம் என்பதையும் சொல்ல வேண்டும். "உங்க ஆத்துல மணலை நீங்களே அள்ளி வித்தீங்க, தோல் கழிவை விட்டீங்க, 2021 வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்பினீங்க" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், சொல்ல நம்மிடம் ஒரு பதிலாவது வேண்டும். ஈசூர்-வள்ளிபுரத்திலும் வயலூரிலும் கட்டிய தடுப்பணைகள் ஒரு ஆரம்பம்தான்.

அடுத்த குறைதீர் நாளில் தடுப்பணைக் கண்டனத்தோடு இன்னொரு மனுவும் கொடுப்போம்: குப்பம், பலமநேர் பக்கத்து உழவர்களை இங்கே அழைத்துவர, நம் ஆட்கள் அங்கே போக, அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று. எழுதித் தருவது என் பொறுப்பு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நெசவாளர் தெருவிலும் உண்டு, நம் சங்கத்திலும் உண்டு. கூட வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.