உங்களுக்குத் தெரியுமா? சீன பௌத்தக் கோயிலில் கண்ணன்!

தென்கிழக்குச் சீனத் துறைமுக நகரம் குவான்சோ. அங்குள்ள கையுவான் பௌத்தக் கோயிலின் இரண்டு கல்தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள்!

• இந்த நகரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் இங்கே சிவனை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. யாருடைய நலனுக்காக? சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் நலனுக்காக!

• அந்தச் சிவன் கோயில் இன்று இல்லை. சிதறிய சிற்பங்கள் பலவற்றைக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காணலாம். அவசியம் போக வேண்டிய இடம்.

• 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் குவான்சோ சேர்ந்தது.

• சியாமென் நகரிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரம்தான். கண்ணன் தூண்கள் கையுவான் கோயிலின் முதன்மை மண்டபத்தின் பின்புறம் இருக்கின்றன, முன்வாசலோடு திரும்பிவிடாதீர்கள்.